எட்டு ரூபாய் நாரத்தை

செங்காட்டுவயல் மாதா கோயிலின்
மேற்குச் சுவரோரம் நிற்கும் நாரத்தை மரம்
காய்த்து நான்கு வருடம் ஆகிறது.
எனக்குத் தெரியும். மாதாவுக்கும் தெரிந்திருக்கும்.
பங்குச் சாமியாருக்குத் தெரியாது,
அவர் மாற்றலாகி வந்தே பதினோரு மாதம்.

பேதி ஊரை வாரிக்கொண்டு போன காலத்தில்
அந்த மரத்துச் சாற்றில் உப்பைக் கலக்கி
வீடு வீடாய் ஊட்டினாராம்
பேர் மறந்துபோன ஒரு சாமி.
பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டது இது:
தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை
சப்பரம் முழுக்க எலுமிச்சை, கிடாரங்காய், கொழுமிச்சை
சரம் சரமாய்.
மாதாவின் வலக்கையில் மட்டும்
மரத்தின் முதல் பழம்.
சப்பரம் இறங்கியதும் அதற்கு ஏலம்.

ஆகவே நான்,
கோயில்பிள்ளை இஞ்ஞாசிமுத்து,
வியாழக்கிழமை ஏழரைப் பேருந்தில்
காரைக்குடி மார்க்கெட்டுக்குப் போகிறேன்.
மெழுகுதிரி வாங்கப் போவதாய் வீட்டில் பேச்சு.
மெழுகுதிரியும் வாங்குவேன்.
பாதிப் பொய்தான்.

போன வருடத்து ஆள் கடை எடுத்துவிட்டான்.
வரிசையின் கடைசியில் சாக்கு விரித்து
ஒரு பெண். பஞ்சவர்ணம் என்று
பக்கத்துக் கடைக்காரர் கூப்பிட்டார்.
காம்போடு வேணும் என்றேன்.
காம்போடு ஒன்றுதான் இருந்தது.
ஒரு பக்கம் முள் கீறி ஆறிய தழும்பு,
நகக்கண் அளவுப் பிறை,
தொட்டால் சொரசொரத்தது.
பத்து என்றாள். எட்டு என்றேன்.
'ஊறுகாய்க்கா?'
ஆமாம் என்றேன்.
மாதாவே, அது முழுப்பொய்.

வெள்ளி இரவு ஏணி சாத்தி
நைலான் நூலால் கிளையில் கட்டினேன்.
விடிந்ததும் பிள்ளைகள் அண்ணாந்து கத்தினார்கள்.
சாமியார் தீர்த்தம் தெளித்து,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு,
கத்தரிக்கோலால் நறுக்கினார்.
நூலைத்தான்.

இரவு ஒன்பதுக்குச் சப்பரம் நகர்ந்தது.
செம்மண் புழுதி, ஜெனரேட்டர் புகை,
பேண்டு செட்டுக்காரர்களின் வியர்வை
எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்றது
பழத்தோலின் வாசம்.
தூக்குகிறவர்கள் தோள் மாற்றும்போதெல்லாம்
ஒன்றிரண்டு உதிர்ந்து நசுங்கி
இன்னும் மணத்தது.

ஏலம் நூறில் தொடங்கியது.
மரவாடி அருளப்பன் ஐந்நூறு.
சிங்கப்பூரிலிருந்து தஸ்நேவிஸ் எண்ணூறு,
தம்பி கைபேசியைத் தலைக்குமேல் பிடித்திருந்தான்.
ஆயிரம். ஆயிரத்து இருநூறு.
சிங்கப்பூரில் சிக்னல் போய்விட்டது.
ஒருதரம்,
ரெண்டுதரம்.

'ரெண்டாயிரத்து முந்நூறு.'

பெண்கள் பக்கத்திலிருந்து.
எல்லாரும் திரும்பினார்கள்.
நெற்றியில் குங்குமம்,
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.
அவள் இடுப்பை ஒட்டி ஒரு பையன்,
மழித்த மாதிரி இல்லை, தானே கொட்டின தலை,
மூக்குவரை முகக்கவசம்.
நான் ஏலக்கணக்கு எழுதுகிற பேனாவை
மூடினேன், திறந்தேன்.

ரூபாய் எல்லாம் பத்தும் இருபதும்.
எண்ணி முடிக்க நேரமானது.
சாமியார் பழத்தை அவள் கையில் வைத்தார்.
அவள் கட்டைவிரல்
பழத்தைச் சுற்றி வந்து
ஓரிடத்தில் நின்றது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட
நான் அப்படி வியர்த்ததில்லை.

என்னைப் பார்த்தாள்.
பழத்தைப் பார்த்தாள்.
மறுபடி என்னை.
பிறகு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு,
பையனின் முகக்கவசத்தை ஒரு விரலால் இறக்கி,
தோலை நகத்தால் லேசாகக் கீறி
மூக்கருகே பிடித்தாள்.
அவன் இழுத்தான்.
இன்னொரு தரம் இழுத்தான்.
'புளிக்குது' என்று சிரித்தான், கடிக்காமலே.

கூட்டம் பாயசத்துக்கு நகர்ந்த நேரம்
மேசைக்கு வந்தாள்.
குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி:
'அன்னைக்குக் குறைச்ச ரெண்டு ரூபா?'

சட்டைப்பையில் துழாவிக் கொடுத்தேன்.
வாங்கிச் சுருக்குப்பையில் போட்டு
இறுக்கி முடிந்துகொண்டாள்.
முன்னால் ரசீதுப் புத்தகம்
திறந்துதான் கிடந்தது.
எழுதவில்லை.